முருங்கைக்காய் இல்லாத சாம்பார்: ஒரு பண்ணை உணவகத்தில் மதியச் சாப்பாடு

ஆரோவில் பக்கம் செம்மண் பாதையில் கொஞ்ச தூரம் உள்ளே போனால் முந்திரித் தோப்பை ஒட்டி ஒரு பண்ணை, அதற்குள்ளேயே கீற்றுக் கொட்டகையில் ஒரு சாப்பாட்டுக் கடை. பெயரைப் போடவில்லை. ஒரு குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது, அதை அவர்களிடம் நேரிலேயே சொல்லியாயிற்று, சின்ன இடம், நான் எழுதும் நாலு வரியால் அவர்கள் பிழைப்பு கெட வேண்டாம்.

பண்ணையில் விளைந்தது நேராக உங்கள் இலைக்கு என்று இப்போது நிறைய ஓட்டல்கள் போர்டு வைக்கின்றன. நான் முதலில் பார்ப்பது மெனு கார்டைத்தான். பளபளவென்று அச்சடித்து லேமினேட் செய்து, சித்திரையிலும் கார்த்திகையிலும் ஒரே பட்டியல் இருந்தால் அந்தக் காய் மார்க்கெட்டிலிருந்துதான் வருகிறது. மண்ணை நம்பிச் சமைக்கிறவர்களிடம் எப்போதும் ஏதாவது ஒன்று இல்லாமல்தான் இருக்கும், இல்லை என்று சொல்லவும் அவர்கள் தயங்க மாட்டார்கள்.

நாங்கள் போனது ஐப்பசி மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு மதியம். கூட வந்த நண்பன் வந்தவாசிப் பக்கத்து விவசாயக் குடும்பம், வீட்டில் இன்னமும் கவுனி நெல் போடுகிறார்கள், அவனை ஏமாற்றுவது கஷ்டம். உட்கார்ந்ததுமே, "அக்கா, முருங்கைக்காய் சாம்பார் இருக்குங்களா?" என்று கேட்டான். "மழைக்கு மரம் பூராவும் இலைதான் தம்பி, காய் பங்குனிக்கு மேல வாங்க" என்றார் பரிமாறிய அக்கா. அவன் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். தக்காளியும் இல்லை. கரும்பலகையில் சாக்பீஸால் அன்றைய சமையலை எழுதி, அதற்குக் கீழேயே பருப்பு, வெங்காயம், எண்ணெய் மூன்றும் வெளியில் வாங்கியவை என்றும் எழுதி வைத்திருந்தார்கள். இப்படி வெளிப்படையாக எழுதி வைக்கிற கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, எனக்கு மனதுக்கு ரொம்பப் பிடித்துப்போனது இதுதான்.

சாம்பாரில் பரங்கிக்காய், கூட்டுக்குப் பப்பாளிக்காய். ரசத்தில் தக்காளிக்குப் பதிலாக பிலிம்பிக்காயை நசுக்கிப் போட்டிருந்தார்கள், அந்தப் புளிப்பு நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று ஏறி மிளகோடு சேர்ந்து இறங்குகிறது, ரெண்டு தடவை வாங்கிக் குடித்தேன். கீரைக் கடைசலில் குப்பைக்கீரையும் மூக்கிரட்டையும். யாரும் விதைக்காமல் மழைக்குத் தானாக முளைப்பவை, நம் ஊரில் களை என்று பிடுங்கிப் போடுகிறோம். பூண்டும் சீரகமும் மட்டும் போட்டு மண்சட்டியில் கடைந்திருந்தார்கள், லேசான மண் வாசத்தோடு, அவ்வளவு நன்றாக இருந்தது.

ஆனால் அன்றைக்கு ராஜா வாழைப்பூ உசிலிதான். கை கழுவப் போகும் வழியில் ஒரு அம்மா கீழே உட்கார்ந்து அடுத்த பந்திக்கு வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு பூவாகப் பிரித்து, நடுவில் இருக்கும் கள்ளனையும் ஓரத்துச் செதிலையும் கிள்ளிப் போட்டுவிட்டு, பூவை மோர்த் தண்ணீரில் போடுகிறார். விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. ஒரு பூவுக்கு இவ்வளவு நேரம் போகும் என்று தெரிந்த பிறகு ஒரு சாப்பாடு 380 ரூபாய் என்பது எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. நண்பனுக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது, குடும்பத்தோடு அடிக்கடி வர முடியாதே என்றான், அதுவும் நியாயம்தான். நாட்டு நெல் ஏக்கருக்கு ஒட்டு ரகங்கள் அளவுக்கு விளையாது, ஆள் கூலியும் அதிகம், அந்தக் கணக்கு அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சோறு தூயமல்லி, உதிரி உதிரியாக, குழம்பை நன்றாக இழுத்துக்கொண்டது. பாரம்பரிய அரிசி என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தாமல் ரகத்தின் பெயரைச் சொல்லிப் பரிமாறினார்கள். நெல் ஜெயராமன் போன்றவர்கள் ஊர் ஊராக அலைந்து 170-க்கும் மேற்பட்ட நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்த பிறகு, அந்தப் பெயர்களைச் சொல்லாமல் அரிசியை மட்டும் விற்பது எனக்கு உடன்பாடில்லை.

குறை இனிப்பில். கருப்பு கவுனியில் தேங்காயும் நாட்டுச்சர்க்கரையும் போட்டுக் கொடுத்தார்கள், பார்க்க அழகு, ஆனால் பருக்கை நடுவில் நறுக்கென்று நின்றது. நண்பன் ஒரு வாய் மென்றுவிட்டு, "இதை ராத்திரியே ஊறப் போட்டிருக்கணும்டா, காலையிலதான் போட்டிருக்காங்க" என்றான். அக்காவிடம் சொன்னோம். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, ஆமாம் தம்பி, காலையில்தான் போட்டார்களாம் என்று ஒப்புக்கொண்டு, அந்தக் கிண்ணத்துக்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கவுனியின் தோல் கெட்டி, சரியாக ஊறாமல் வேக வைத்தால், ரொம்ப நேரம் அடுப்பில் விட்டாலொழிய அப்படித்தான் நிற்கும். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிற இடத்தில் இது நடந்திருக்கக் கூடாது. இன்னொன்று, ஈ. மழைக்காலத்தில் திறந்த கொட்டகையில் அதைத் தவிர்ப்பது கடினம்தான், இருந்தாலும் பாத்திரங்களுக்கு மூடி போட்டிருக்கலாம்.

இந்த வட்டாரத்துக்கு இப்படிப்பட்ட சமையல் புதிதில்லை. இங்கிலாந்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட கிருஷ்ணா மெக்கென்சி, ஜப்பானிய விவசாயி ஃபுகுவோகாவின் இயற்கை வேளாண்மை வழியில் சாலிட்யூட் பண்ணையை 1990-களிலேயே ஆரோவில்லில் தொடங்கி, அங்கே விளைவதைச் சமைத்துப் போடுகிறார். நம் வீட்டுக் கொல்லையில் முளைக்கிற கீரையின் அருமையை அவர் தமிழில் எடுத்துச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பக்கம் முதல்முறை போகிறவர்கள் அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள்.

நாங்கள் போன கடையில் மதியம் மட்டும்தான் சாப்பாடு, முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிவிட வேண்டும், ஆள் கணக்குக்குத்தான் சமைக்கிறார்கள். மழை நாளில் கார் வேண்டாம், கடைசிக் கொஞ்ச தூரம் சேற்றில் சிக்கும். கவுனி இனிப்பு வேண்டுமென்றால் போனிலேயே, ராத்திரியே ஊறப் போடச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். முருங்கைக்காய் சாம்பாருக்காகப் பங்குனிக்கு மேல் மறுபடி போவதாக இருக்கிறோம்.