மாசக் கடைசியோட மூடுறாங்க, பழைய காசு சேக்குறவங்க ஒரு தடவ பாத்துடுங்க

பழைய நாணயம் விக்கிற இந்த ஆன்லைன் கடைய இந்த மாசத்தோட மூடப்போறதா கடைக்கார அண்ணன் வாட்ஸப்ல போட்டிருந்தாரு. ஆறு வருசமா இவர்கிட்டதான் வாங்கிட்டு இருக்கேன், இத்தன நாள் ஒரு ரிவ்யூ கூட எழுதலயேன்னு மனசு உறுத்துச்சு, அதான்.

நான் மொதமொதல்ல வேற ஒரு எடத்துல 1943 ஓட்டக் காலணா ஒண்ணு வாங்கினேன், புத்தம்புதுசு மாதிரி பளபளன்னு வந்துச்சு, எனக்கு சந்தோசம் தாங்கல. அத போட்டோ எடுத்து இந்த அண்ணனுக்கு அனுப்பினா, "தம்பி இது புளி போட்டு துலக்கினது, கிரீடத்துல கோடெல்லாம் மழுங்கிருக்கு பாருங்க, அந்த பழைய கருஞ்செவப்பு ஒரு தடவ போனா போனதுதான்"னு சொன்னாரு. அவர்கிட்ட நான் அதுவரைக்கும் ஒரு ரூபாய்க்கு கூட வாங்கினது இல்ல, ஆனாலும் அர மணி நேரம் உக்காந்து சொல்லிக்குடுத்தாரு. இவர் கடையில துலக்கின காசு இருந்தா "துலக்கினது"ன்னே எழுதி பாதி வெலைக்கு போட்டிருப்பாரு. ரெண்டு பக்கமும் வெயில் வெளிச்சத்துல எடுத்த போட்டோ இருக்கும்.

தப்பே நடக்கலன்னு சொல்லமாட்டேன். காண்டாமிருகம் போட்ட 25 பைசாவுல ஐதராபாத் ஆலையில அடிச்ச காசு கேட்டேன், வருசத்துக்கு கீழ ஸ்டார் இருக்கணும், வந்ததுல புள்ளி இருந்துச்சு, அது நொய்டா ஆலையோட குறி. சொன்னதும் மறுநாளே சரியானத அனுப்பிட்டு இதையும் நீங்களே வெச்சுக்கங்கன்னுட்டாரு.

பேக்கிங் பத்தி சொல்லியே ஆகணும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைய ரெண்டா வெட்டி நடுவுல காச வெச்சு ஒட்டியிருப்பாரு, பிரிக்கறவங்க நகத்தால சுரண்டக்கூடாதுன்னு டேப்போட நுனிய கொஞ்சம் மடிச்சு விட்டிருப்பாரு. ஒவ்வொரு தடவையும்.

நான் வாங்கினதுலயே பெருசுன்னா கிழக்கிந்திய கம்பெனிக்காரன் போட்ட பத்து காசு நாணயம் ஒண்ணு, 1808. ஒரு பக்கம் கிரீடத்த புடிச்ச சிங்கம், இன்னொரு பக்கம் பாரசீக எழுத்து. மெட்ராஸ் மாகாணத்துல பொழங்கறதுக்காக பர்மிங்காம் சோகோ ஆலையில அடிச்சு அட்மிரல் கார்ட்னர்னு ஒரு கப்பல்ல ஏத்திவிட்டாங்க, 1809 ஜனவரில அது இங்கிலாந்துக் கரைய தாண்டறதுக்குள்ளயே குட்வின் மணல்திட்டுல மாட்டி முழுகிடுச்சு. 1980கள்லதான் லட்சக்கணக்குல வெளிய எடுத்தாங்க. அதுல ஒண்ணு இது. "கடல் அரிப்பு உண்டு"ன்னு அண்ணன் முன்னாடியே எழுதியிருந்தாரு, சிங்கத்தோட முதுகுல சின்னச்சின்ன குழி இருக்கு, எனக்கு அதுதான் புடிச்சுது. நம்ம ஊர் கடைத்தெருவுல கைமாறியிருக்க வேண்டிய காசு, இப்ப என் உள்ளங்கையில இருக்கு.

ஏண்ணே மூடுறீங்கன்னு கேட்டேன். 2025ல ரிஜிஸ்டர் போஸ்ட்ட ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்கல்ல, நாப்பது ரூபா காசு ஒண்ணு வாங்கறவங்களுக்கு காச விட தபால் செலவு அதிகமாகுது, சின்ன ஆர்டரே வரலயாம். அத விட அவர நோகடிச்சது போன்தான். தாமரை போட்ட பழைய 20 பைசாவுக்கு லட்சம் தர்றாங்கன்னு எவனோ வீடியோ போடறான், அத நம்பி தெனமும் பத்து பேரு கூப்புடுறாங்க, அவ்ளோல்லாம் வராதுங்கன்னு உண்மைய சொன்னா இவரையே திருடன்னு திட்டுறாங்க. ரிசர்வ் பேங்க் பேரச் சொல்லி பழைய காசுக்கு கமிஷன், வரின்னு பணம் புடுங்கறாங்கன்னு 2021லயே ரிசர்வ் பேங்க்கே எச்சரிக்கை விட்டுச்சு, அந்த அறிக்கைய இவர் எத்தன பேருக்கு அனுப்பியிருப்பாருன்னு கணக்கே இல்ல. முன்பணம் கேட்டா குடுத்துடாதீங்கம்மான்னு ஒரு வயசான அம்மாகிட்ட கெஞ்சிட்டு இருந்தத நானே கேட்டேன்.

கடையில இருந்த பழைய ஸ்டாம்ப் எல்லாம் வித்துத் தீந்துருச்சு. அணா காசு, 1964 நேரு ஒரு ரூபா, அலுமினியம் மூணு பைசா இன்னும் இருக்கு. மூடப்போறோம்னு வெலைய ஏத்தல, கொறச்சுதான் போட்டிருக்காரு. தனித்தனியா வாங்காம மொத்தமா ஒரே ஆர்டரா போடுங்க, தபால் செலவு மிச்சமாகும். கேஷ் ஆன் டெலிவரி கெடையாது. ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் பதில் வரும், வேலைக்கு போயிட்டு வந்துதான் பாப்பாரு. அப்புறமும் காசு போட்டோ அனுப்புங்க, பாத்து சொல்றேன்னு சொல்லியிருக்காரு, நான் அனுப்பிட்டேதான் இருப்பேன்.