முதல் டெலஸ்கோப் வாங்கப் போறீங்களா? படிச்சிட்டு வாங்குங்க. எனக்கு 18,500 ரூபாய் போச்சு

வயிறு எரியுது. அந்த எரிச்சலோடதான் எழுதுறேன், கோர்வையா இல்லேன்னா பொறுத்துக்கோங்க.

ஒன்பதாவது படிக்கிற என் பொண்ணுக்கு வானம்னா உயிர். மொட்டைமாடியில நின்னு வியாழன் எது, ரோகிணி எதுன்னு எனக்குக் காட்டிக் கொடுக்கிறவ. அவளுக்காகச் சேர்த்த பணம் அது. டெலஸ்கோப்பும் பைனாகுலரும் மட்டுமே விற்கிற ஒரு ஆன்லைன் கடை. 114 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடி, 1000 மி.மீ. குவியத்தூரம் (கண்ணாடியில இருந்து வெளிச்சம் குவியிற இடம் வரைக்கும் உள்ள தூரம்), "750 மடங்கு பெரிதாகத் தெரியும்"னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேட்டேன். எடுத்தவர் அவ்வளவு பொறுமையா பேசினார். குழலும் கிட்டத்தட்ட குவியத்தூரம் அளவுக்கு நீளமா இருக்கணுமே, அரை மீட்டர்தானே இருக்கு, 1000 எப்படி வரும்னு கேட்டதுக்கு, "அது புது டிசைன் மேடம்"னார். கண்ணாடி பாராபாலிக்கா, அதாவது வெளிச்சத்தை ஒரே புள்ளியில குவிக்கிற வளைவான்னு பொண்ணு பக்கத்துல இருந்து கேட்டா. "ஆமா பாப்பா, காவலூர்ல இருக்கிற பெரிய டெலஸ்கோப்புலயும் அதான்." அப்புறம் சொன்னார் பாருங்க: "என் பையனுக்கும் இதேதான் வாங்கிக் கொடுத்தேன் மேடம். சனியோட வளையத்தைப் பார்த்துட்டு ராத்திரி பூரா தூங்கவே இல்லை." அந்தப் பேச்சை நம்பித்தான் உடனே கட்டினேன். பெத்த பிள்ளை மேல வெச்சுப் பொய் சொல்வாங்கன்னு யார் நினைப்பா?

வந்துச்சு. வியாழன் பக்கம் திருப்பினோம். ஃபோகஸ் குமிழைத் தொட்டாலே ஸ்டாண்டு கிடுகிடுன்னு ஆடுது. ஆட்டம் நிக்கிறதுக்குள்ள வியாழன் நகர்ந்து போயிடுது. நின்னப்பவும் பஞ்சு மாதிரி ஒரு வெளிச்சம்தான், வியாழன் மேல இருக்கிற பட்டையெல்லாம் ஒண்ணும் தெரியல. 4 மி.மீ. ஐபீஸோட (கண்ணு வெச்சுப் பார்க்கிற லென்ஸ்) 3 மடங்கு பார்லோவை (இன்னும் பெருசாக்கிக் காட்டுற லென்ஸ்) சேர்த்தா 750, கணக்கு வருது. ஆனா கண்ணாடி தாங்குறது மி.மீ.க்கு ரெண்டு மடங்கு, அதாவது 228தான். அதுக்கு மேல போனா மங்கல்தான் பெருசாகும்.

ஐபீஸைச் சொருகுற ஃபோகஸர் குழாயை வெளியே எடுத்துப் பார்த்தா, அடியில ஒரு சின்ன லென்ஸ், ஓரமெல்லாம் பசை வழிஞ்சு கிடக்கு. 1000 வந்த வழி அதுதான். உள்ளே இருக்கிறது குறைஞ்ச குவியத்தூரமுள்ள, பந்து மாதிரி வளைஞ்ச ஸ்பெரிக்கல் கண்ணாடி. அதைச் சரிக்கட்டவும் குவியத்தூரத்தை நீட்டவும் ஒரு மட்டமான லென்ஸ். இந்த மாதிரி டிசைனை பேர்ட்-ஜோன்ஸ்னு சொல்வாங்க. பாராபாலிக்கும் இல்லை ஒண்ணும் இல்லை. 18,500 ரூபாய்!

போன் பண்ணா முதல்ல "வானம் தெளிவா இருந்திருக்காது மேடம்". அப்புறம் "கொலிமேஷன் பண்ணுங்க"ன்னு (கண்ணாடிகளை நேரா சரி பண்றது) ஒரு யூடியூப் வீடியோ. லென்ஸை போட்டோ எடுத்து அனுப்பினதும் "நீங்களே கழற்றிட்டீங்க, வாரண்டி போச்சு". ரிட்டர்ன் கேட்டா, பெட்டியைத் திறந்துட்டா கிடையாதாம். திறக்காம எப்படிங்க வானத்தைப் பார்க்கிறது? அன்னைக்குப் பேசினவரைக் கேட்டா "அவர் சேல்ஸ், நாங்க சர்வீஸ்". கடைசியா அடுத்த தடவை வாங்க 500 ரூபாய் கூப்பன் தராங்களாம். இப்ப என் நம்பரை எடுக்கிறதே இல்லை.

எதை வாங்கலாம்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு வரல. அவசரத்துக்குச் சிலது மட்டும். எத்தனை மடங்குன்னு பார்க்காதீங்க, கண்ணாடியோட விட்டத்தையும் ஸ்டாண்டையும் பாருங்க. நியூட்டோனியன்ங்கிற கண்ணாடி வெச்ச டெலஸ்கோப்புல குழல் நீளம் குவியத்தூரத்துல பாதிதான்னா கிட்டவே போகாதீங்க. நல்ல 10x50 (10 மடங்கு, 50 மி.மீ. லென்ஸ்) பைனாகுலரை ஆடாம பிடிச்சாலே வியாழனோட நிலாக்கள் தெரியும். போன்ல சொல்றதை வாட்ஸ்அப்ல எழுதி வாங்குங்க. ஆன்லைன் கடை 48 மணி நேரத்துல புகாரை ஏத்துக்கிட்டதா சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும்னு விதி இருக்கு. இல்லேன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். நான் அங்கே புகார் போட்டுட்டேன். 18,500 ரூபாயும் திரும்ப வர்ற வரைக்கும் விடப் போறதில்லை.

இன்னொண்ணு, இதுதான் முக்கியம். "இலவசம்"னு சொல்லி, ஐபீஸ்ல திருகுற ஒரு சின்னக் கருப்பு சூரிய ஃபில்டரைப் பெட்டியில வெச்சிருந்தாங்க. வெயில் குவியிற இடத்துல சூடேறி அது விரிசல் விட்டா கண்ணு போயிடும். ஒரு குழந்தைக்குன்னு தெரிஞ்சே அனுப்பியிருக்காங்க. உங்க வீட்டு டெலஸ்கோப்போட அப்படி ஒண்ணு வந்திருந்தா, இன்னைக்கே எடுத்து உடைச்சுப் போட்டுடுங்க.