பிரியாத பதின்மூன்று: அமெரிக்கா பிரிட்டனோடு இருந்திருந்தால் சேலம் யார் கையில் இருந்திருக்கும்?

சேலம் அஞ்சு ரோடு பக்கம் எழுதுபொருள் கடைகளில் 1,450 ரூபாய்க்குக் கிடைக்கும் ‘பிரியாத பதின்மூன்று’ என்ற பலகை விளையாட்டை வாங்கலாமா என்று கேட்டால், தயங்காமல் வாங்கலாம். ஆனால் விதிப்புத்தகத்தில் உள்ளதை அப்படியே பின்பற்றி விளையாடாதீர்கள். சில இடங்களில் சரித்திர வரிசையே தப்பாக இருக்கிறது. அதைச் சரி செய்யாமல் விளையாடினால் நாலு மணி நேர ஆட்டம் எட்டாவது சுற்றிலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

கேள்வி இதுதான்: 13 அமெரிக்கக் குடியேற்றங்கள் 1776-இல் பிரிந்து போகாமல் பிரிட்டிஷ் ஆட்சியிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதைக் கேட்கும் விளையாட்டுகள் பெரும்பாலும் அட்லாண்டிக் கரையோடு நின்றுவிடும். இது அங்கே நிற்கவில்லை. பலகையின் இடது பக்கம் பாஸ்டனிலிருந்து சவானா வரை. வலது பக்கம் சென்னை, கடலூர், மாஹே, ஸ்ரீரங்கப்பட்டணம், சங்ககிரி, சேலம். இரண்டும் ஒரே ஆட்டம். இங்கிருந்து ஒரு சிப்பாய்க் காயை எடுத்தால்தான் அங்கே வைக்க முடியும்.

மூன்று முதல் ஐந்து பேர் ஆடலாம். லண்டன் பாராளுமன்றம், குடியேற்ற சபைகள், பிரான்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனி, மைசூர் என்று ஐந்து தரப்பு. 1763-இல் தொடங்கி 1792 வரை, சுற்றுக்கு இரண்டு வருஷம் வீதம் 15 சுற்று. 96 சீட்டுகள்: 60 நிகழ்ச்சி, 20 ஆள், 16 விளைவு. விளைவுச் சீட்டுகளை ஆட்டம் முடிந்த பிறகுதான் திறக்க வேண்டும்.

மையமாக இருப்பது 0 முதல் 12 வரை போகும் மனக்கசப்பு ஏணி. காய் 2-இல் தொடங்கும், 9-ஐத் தொட்டால் போர். நடந்த சரித்திரத்தை அப்படியே ஆடிப் பார்த்தால் கணக்கு இப்படி வருகிறது: 1765 முத்திரைத்தாள் சட்டம் 2 ஏற்றம், 1766-இல் அதை நீக்கியதும் 2 இறக்கம், அதே நாளில் "எந்த விஷயத்திலும் உங்களுக்குச் சட்டம் போடும் அதிகாரம் எங்களுக்கு உண்டு" என்று பாராளுமன்றம் அறிவித்ததற்கு 1, இறக்குமதிப் பொருள்கள் மேல் போட்ட 1767 டவுன்ஷெண்ட் வரிகளுக்கு 1, 1773 தேயிலைச் சட்டத்துக்கு 1, பாஸ்டன் துறைமுகத்தை மூடிய 1774 தண்டனைச் சட்டங்களுக்கு 3. காய் 8-இல் நிற்கும். 1775 ஏப்ரலில் லெக்சிங்டன் துப்பாக்கிச் சூடு அதை 9-க்குக் கொண்டுபோகும். செய்தவர்கள் இந்த எண்களை நன்றாக யோசித்தே போட்டிருக்கிறார்கள். எந்த ஒரு படியைக் குறைத்தாலும் போர் தள்ளிப்போகும், ஆனால் நின்றுவிடாது. ஒரு சட்டத்தை விலக்கியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்ற சுலபமான எண்ணத்துக்கு இங்கே இடமில்லை.

முத்திரைத்தாள் சீட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1765 சட்டம் பத்திரங்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் மட்டும் வரி போடவில்லை. சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங், பகடைக்கு 10 ஷில்லிங் என்று அதையும் சேர்த்தே போட்டது. இந்த விளையாட்டில் அந்தச் சீட்டு மேஜையில் இருக்கும் வரை, குடியேற்ற சபைக்காரர் ஒவ்வொரு முறை சீட்டு எடுக்கும்போதும் ஒரு நாணயம், பகடை உருட்டும்போதெல்லாம் இரண்டு நாணயம் லண்டனுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு சுற்று முடிவதற்குள் அவர் முகம் மாறிவிடும். லண்டன்காரரின் நியாயமும் பொய்யில்லை. பிரான்ஸோடு நடந்த ஏழாண்டுப் போர் 1763-இல் முடிந்தபோது பிரிட்டனின் கடன் சுமார் 13 கோடி பவுன். அவருக்கும் ஒரு கடன் ஏணி இருக்கிறது, வரி வராவிட்டால் சுற்றுக்கு ஒரு படி ஏறும். இரண்டு பேருமே தங்கள் தங்கள் இடத்திலிருந்து சரியாகப் பேசுவதுபோல் விதியை அமைத்திருப்பதுதான் இந்தப் பெட்டியின் பெரிய பலம்.

சரித்திரம் வேறு பாதையில் திரும்பக்கூடிய இடங்கள் நாலு வைத்திருக்கிறார்கள். நாலும் ஒரே தரமில்லை, முக்கியமான மூன்றை மட்டும் சொல்கிறேன்.

1774 கேலவே திட்டம்தான் மிகச் சிறப்பாக வந்திருக்கிறது. பென்சில்வேனியாவின் ஜோசப் கேலவே செப்டம்பர் 28 அன்று பிலடெல்பியா மாநாட்டில் வைத்த யோசனை அது: குடியேற்ற சபைகள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கும் ஒரு பெரும் கவுன்சில், மேலே அரசர் நியமிக்கும் தலைவர், அமெரிக்க விஷயங்களில் கவுன்சிலும் பாராளுமன்றமும் இரண்டும் ஒப்புக்கொண்டால்தான் சட்டம். 6-க்கு 5 என்ற ஓட்டில் ஒத்திவைத்தார்கள். பிறகு நடவடிக்கைக் குறிப்பிலிருந்தே நீக்கினார்கள். விளையாட்டில் 11 ஓட்டு வில்லைகள். லண்டன்காரர் ஏதாவது ஒரு வரியை விட்டுக்கொடுத்தால் ஒரு வில்லையைத் திருப்பலாம். ஒன்று திரும்பினால் போதும், போர்ச் சீட்டுக்கட்டு முழுவதும் பெட்டிக்குள் போய்விடும். அதற்குப் பிறகும் ஆட்டம் சப்பென்று ஆவதில்லை. கவுன்சிலின் சம்மதமில்லாமல் லண்டனுக்கு ஒரு காசு வராது, கடன் ஏணி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். அப்பலாச்சிய மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது என்ற 1763 அரச அறிவிப்பும் நடப்பில் இருக்கும். அந்த எல்லையைக் காப்பாற்றினால் பழங்குடி நாடுகளின் நட்பு கிடைக்கும், ஆனால் சுற்றுக்கு ஒரு கசப்பு. எல்லையைக் கைவிட்டால் அங்கே போர், சிப்பாய்ச் செலவு. சேர்ந்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பது இந்தப் பாதையில்தான் தெளிவாகத் தெரிகிறது.

1776 ஆகஸ்ட் லாங் ஐலண்ட் பாதை வெறும் பகடை ஆட்டம். ஆகஸ்ட் 29 இரவு வாஷிங்டன் சுமார் 9,000 பேரோடு ஈஸ்ட் ஆற்றைக் கடந்து தப்பினார், விடியலில் மூடுபனி காப்பாற்றியது. பனி இருக்கிறதா இல்லையா என்று ஒரு பகடை. 1 விழுந்தால் படை முழுவதும் சிறை, போர் முடிந்தது. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. படை பிடிபட்டாலும் கசப்பு 9-இலேயேதான் இருக்கும் என்பதை விதி மறந்துவிட்டது. காயை 7-க்கு இறக்கி, மூன்று சுற்றுக்குள் மறுபடி 9 ஏறினால் இரண்டாவது கிளர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1778 சமாதானக் குழுச் சீட்டில்தான் பெரிய கோளாறு. கார்லைல் பிரபு தலைமையில் வந்த குழு, சுதந்திரம் தவிரக் கேட்டதெல்லாம் தர வந்தது. ஆனால் அவர்கள் பிலடெல்பியா வந்து சேர்ந்தது ஜூனில். பிப்ரவரி 6 அன்றே பிரான்ஸ் அமெரிக்கர்களோடு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. அதே ஜூன் 18-இல் பிரிட்டிஷ் படையே நகரத்தைக் காலி செய்தது. விதிப்புத்தகமோ சுற்றின் தொடக்கத்தில், பிரான்ஸுக்கு முன்பே லண்டன்காரர் இந்தச் சீட்டைப் போட விடுகிறது. விவரம் தெரிந்தவர் லண்டனாக இருந்தால் ஒவ்வொரு ஆட்டமும் இங்கேயே முடியும். சரி செய்வது எளிது. பிரிட்டிஷ் படை சரணடைந்த 1777 சாரடோகா தோல்விச் சீட்டு விழுந்தால், அந்தச் சுற்றில் பிரான்ஸ்தான் முதலில் ஆட வேண்டும். பிரான்ஸ் ஒப்பந்தம் போட்டுவிட்டால் சமாதானக் குழுவுக்குப் பகடையில் 6 மட்டுமே வெற்றி. சாரடோகா நடக்கவில்லையென்றால் 4, 5, 6 மூன்றும் வெற்றி. இந்த மாற்றத்துக்குப் பிறகு ஆட்டம் சமநிலைக்கு வந்துவிடும்.

இனி வலது பக்கம். நம்மூர்க்காரர்கள் இதை வாங்க வேண்டிய காரணமே இங்கேதான் இருக்கிறது.

பிரான்ஸ் போரில் இறங்கியதும் இங்கே கம்பெனி 1778 அக்டோபரில் புதுச்சேரியைப் பிடித்தது, 1779 மார்ச்சில் மாஹேயைப் பிடித்தது. ஹைதர் அலிக்கு ஆயுதம் வந்த வழி மாஹே. 1780-இல் அவர் ஆற்காடு நவாபின் கர்நாடகத்துக்குள் இறங்கினார், செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் கம்பெனித் தளபதி பெய்லியின் படை அழிந்தது. இந்தச் சங்கிலி முழுவதும் ஐந்து சீட்டாக இருக்கிறது, ஒன்றை வைத்தால்தான் அடுத்தது. பிரான்ஸ் போரில் இறங்காவிட்டால் மாஹே சீட்டே வராது. அப்படியானால் ஹைதர் சும்மா இருந்திருப்பாரா? அதையும் யோசித்திருக்கிறார்கள். 1769 சென்னை ஒப்பந்தப்படி மராத்தியருக்கு எதிராக உதவிக்கு வராமல் கம்பெனி கைவிட்ட கோபம் ஒரு தனிச் சீட்டு. அதனால் மைசூர் போர் இரண்டு பாதையிலும் வரலாம். ஆனால் அமெரிக்கா அமைதியாக இருந்தால் லண்டனின் ஆறு சிவப்புக் காய்களும் இந்தப் பக்கம் வந்துவிடும், பிரெஞ்சுக் கப்பல்கள் கடலூர் பக்கம் வராது. ஆகவே மைசூரை ஆடுபவர் செய்ய வேண்டிய முதல் வேலை, தன் நாணயத்தில் கொஞ்சத்தைக் குடியேற்ற சபைக்காரருக்குத் தள்ளி ஏணியை 9-இல் வைத்திருப்பது. விதி இதை அனுமதிக்கிறது. பொருத்தமான சீட்டும் ஒன்று இருக்கிறது: பென்சில்வேனியாவின் போர்க்கப்பல் ஒன்றுக்கே ஹைதர் அலி என்று பெயர், 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் அது ஒரு பிரிட்டிஷ் கப்பலைச் சிறைப்பிடித்தது.

கார்ன்வாலிஸ் காய் ஒன்றே ஒன்று. 1781 அக்டோபர் 19 யார்க்டவுனில் அமெரிக்க, பிரெஞ்சுப் படைகளிடம் சரணடைந்த அதே பிரிட்டிஷ் தளபதிதான் 1786-இல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்தார். கம்பெனித் தளபதி மெடோஸ் திப்பு மேல் எடுத்த 1790 படையெடுப்பு கோயம்புத்தூர்ப் பக்கம் திணறியதும் தானே தலைமை ஏற்று 1791-இல் பெங்களூரைப் பிடித்தார். 1792 மார்ச் ஒப்பந்தத்தில் திப்புவிடமிருந்து பாதி நாட்டை வாங்கினார். பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) சேலமும் கம்பெனிக்குப் போனது அந்த ஒப்பந்தத்தில்தான். விதிப்புத்தகம் 12-ஆவது சுற்றில் அவரைத் தானாகவே கல்கத்தாவுக்கு அனுப்புகிறது. அது வேண்டாம். குடியேற்றங்கள் பிரியாத பாதையில், பெரும் கவுன்சிலின் தலைவராகப் பிலடெல்பியாவில் வைப்பதா, இங்கே அனுப்புவதா என்பதை லண்டன்காரரே முடிவு செய்யட்டும். அங்கே வைத்தால் கசப்பு 2 இறங்கும். ஆனால் இங்கே மெடோஸை வைத்துத்தான் திப்புவோடு மோத வேண்டும், அவருக்குப் பகடை பலம் ஒன்று குறைவு. இப்படி ஆடினால் 1792 முடிவில் சங்ககிரியும் சேலமும் மைசூரிடமே நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்போது விளைவுச் சீட்டுகளில் கம்பெனி அதிகாரிகள் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே செய்த நில அளவையும், விவசாயியிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரியும் வராது, அதன்பின் நிலத்தைப் பங்கு பங்காக ஜமீன் போலக் கொடுத்த மிட்டா முறை வராது, கலெக்டர் காக்பர்ன் காலத்தில் ஏற்காடு ஏறிய காபியும் வராது. பட்டாவும் சிட்டாவும் கையில் வைத்திருக்கிற நம்மூர்க் குடும்பங்களுக்கு இந்தச் சீட்டுகளைத் திறக்கும்போது தனி ஆர்வம் வரும்.

விளைவுச் சீட்டில் ஒன்றை மட்டும் ஏற்க முடியவில்லை. குடியேற்றங்கள் பிரியாவிட்டால் 1833 சட்டத்தோடு அமெரிக்காவிலும் அடிமை முறை ஒழிந்தது என்று சொல்லி லண்டனுக்கு 5 புள்ளி தருகிறார்கள். இவ்வளவு சுலபமில்லை. 1833-இல் பாராளுமன்றம் சுமார் 8 லட்சம் பேரை விடுவிக்க 2 கோடி பவுன் ஒதுக்கியது, அதுவும் முதலாளிகளுக்குத்தான், அடிமைப்பட்டவர்களுக்கு ஒரு காசு இல்லை. 1830 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அதே விகிதத்தில் இன்னும் 5 கோடி பவுன் வேண்டும். வர்ஜீனியா, கரோலினா தோட்ட முதலாளிகளும் ஜமைக்கா முதலாளிகளும் ஒன்றாகப் பாராளுமன்றத்தை நெருக்கியிருந்தால் 1833-இல் அந்தச் சட்டம் நிறைவேறியிருக்குமா என்பதே சந்தேகம். லட்சக்கணக்கான மனிதர்களின் வாழ்க்கையை ஒரு பரிசுப் புள்ளியாக வைப்பது தவறு. கடன் ஏணி 4 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மட்டும் அந்தச் சீட்டைத் திறங்கள், இல்லாவிட்டால் கவிழ்த்து வையுங்கள். அடுத்த பதிப்பில் இதை மாற்றியே ஆக வேண்டும்.

சின்னக் குறைகளும் உண்டு. தேயிலைப் பெட்டிச் சீட்டின் படத்தில் நீலகிரி மாதிரி ஒரு சரிவும் கொழுந்து பறிக்கும் பெண்களும். 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் கடலில் கொட்டிய 342 பெட்டியும் சீனத் தேயிலை, அப்போது இந்தியாவில் தேயிலைத் தோட்டமே கிடையாது. பலகையில் சேலம் இரண்டு இருக்கிறது. "சேலத்தில் சபை கூடுகிறது" என்ற 1774 சீட்டு மாசசூசெட்ஸ் சேலத்தைச் சொல்கிறது. ஜெனரல் கேஜ் பாஸ்டனைத் தண்டிக்கச் சபையை அங்கே மாற்றினார். புதிதாக ஆடுபவர்கள் காயை நம் சேலத்தில் வைத்துவிடுகிறார்கள். மாசசூசெட்ஸ் சேலத்தின் வட்டத்தின் மேல் நீல ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

பலகையின் மடிப்பு சரியாகச் செசபீக் விரிகுடா மேல் வருகிறது. 1781 செப்டம்பர் 5 அன்று பிரெஞ்சுக் கப்பற்படை யார்க்டவுனின் தலைவிதியை முடிவு செய்த இடம் அது, அங்கேயே கப்பல் காய்கள் சரிந்து விழுகின்றன. 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட் வெட்டி மேலே போட்டால் சரியாகும். சீட்டுகளுக்கு மேட் லேமினேஷன் ஒரு பக்கம்தான். சேலம் வெயிலில் பிரச்சினை இல்லை, ஏற்காட்டுக்கு எடுத்துப்போனால் ஒரே இரவில் ஈரம் ஏறி வளைந்துவிடும், பிறகு கலைக்க வராது. வாங்கியதும் சீட்டுகளுக்கு உறை போட்டு, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வையுங்கள். மரக்காய்களின் சிவப்புச் சாயம் ஈரக் கையில் ஒட்டுகிறது.

அடுக்கி வைக்க அரை மணி நேரம், ஆட நாலு மணி நேரம் ஆகும். ஐந்து பேர் இருந்தால்தான் முழுச் சுவை. மூன்று பேர் என்றால் லண்டனையும் கம்பெனியையும் ஒருவர், பிரான்ஸையும் மைசூரையும் ஒருவர் எடுங்கள். குடியேற்ற சபையை யாரோடும் சேர்க்காதீர்கள், அந்த இடம் தனியாக இருந்தால்தான் பேரம் நடக்கும். முதல் ஆட்டத்துக்கு நாலு பாதையும் வேண்டாம். கேலவே பாதையை மட்டும் திறந்து வைத்து 1774-இலிருந்து தொடங்குங்கள், கசப்புக் காய் 8-இல், கடன் காய் 6-இல்.