விமானி ஆக்கும் பட்டப்படிப்பு: கட்டணத் தாளை நம்பிச் சேராதீர்கள்

அமெரிக்காவில் விமானப் பயிற்சியையும் பட்டத்தையும் சேர்த்தே தரும் கல்லூரி ஒன்றில் படித்து முடித்தவன் நான். பெயர் வேண்டாம். வேறு கல்லூரிகளில் படித்த நண்பர்கள் காட்டிய கட்டணத் தாள்களும் இதே ரகம்தான்.

அவர்கள் போடும் தூண்டில் 1,000 மணி நேரம். 2009-இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே நடந்த கோல்கன் ஏர் நிறுவன விமான விபத்தையடுத்து விதிகள் இறுகின. 2013 முதல் அங்கே ஏர்லைன் விமானத்தில் துணை விமானியாக அமரவே 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். தகுதியுள்ள விமானத் துறைப் பட்டதாரிக்கு 1,000 போதும். இதைச் சேர்க்கை அலுவலர் உற்சாகமாகச் சொன்னார், உண்மையும்கூட. அவர் சொல்லாமல் விட்டது வேறு. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே எதுவும் தெரியாதபோதும் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி), வணிக விமானி உரிமம் ஆகிய இரண்டுக்குமான பயிற்சியை அந்தக் கல்லூரியிலோ அதனுடன் ஒப்பந்தம் உள்ள பள்ளியிலோ பெற்றால்தான் இந்தச் சலுகை. கல்லூரி எவ்வளவு இழுத்தடித்தாலும், இவ்விரண்டையும் வெளியே மலிவாகப் பறந்து முடித்துவிட்டு வர வழியில்லை. முள் தொண்டையில் இறங்கிவிட்டது என்பது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

இனிக் கட்டணத் தாள். முதல் படியான தனியார் விமானி உரிமத்துக்கு 35 மணி நேரம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அது விதி கேட்கும் குறைந்தபட்சம். என் வகுப்பில் ஒருவர்கூட அதற்குள் முடிக்கவில்லை. 60-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். கூடுதல் மணி ஒவ்வொன்றுக்கும் விமான வாடகை தனி, பயிற்றுநர் கட்டணம் தனி. பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளநிலை மாணவருக்கு அரசின் நேரடிக் கல்விக் கடன் மொத்தமே 31,000 டாலர்தான். மிச்சத்துக்குத் தனியார் கடன், அப்பாவின் கையெழுத்து.

மணிகள் ஏன் கூடின என்கிறீர்களா? காலையில் எல்லா விமானங்களும் ஒரே நேரத்தில் கிளம்பும். ஓடுபாதைக்கு முன் வரிசையில் நிற்கும்போதும் எஞ்சின் ஓடும் நேரத்தை அளக்கும் ஹாப்ஸ் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். தரையில் நின்றதற்கும் வாடகை. பயிற்றுநர்களோ நேற்றைய மாணவர்கள். தங்கள் மணிக்கணக்கு நிறைந்ததும் பாதியில் விட்டு ஏர்லைனுக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் புதிதாக வருபவர் “முதலில் உங்கள் கையைப் பார்க்கிறேன்” என்று பழைய பாடங்களையே பறக்க வைப்பார். அதற்கும் பில் என் பெயரில். ஸ்டேஜ் செக் எனப்படும் உள்தேர்வுக்கு வாரக்கணக்கில் காத்திருந்தால் கை மழுங்கும். மறுபடி ஒத்திகைப் பறப்பு, மறுபடி பில். எழுத்துத் தேர்வின் முடிவு 24 மாதங்களில் காலாவதியாகும் என்பதால், அதைத் திரும்ப எழுதியவர்களும் உண்டு.

சேரத்தான் போகிறீர்கள் என்றால், தனியார் விமானி உரிமத்தை முன்பே வெளியில் முடித்துவிடுங்கள். சலுகை விதி அதைத் தடுக்கவில்லை. கல்லூரி அதை ஏற்குமா என்பதை மட்டும் எழுத்தில் வாங்குங்கள். கடந்த ஆண்டு முடித்தவர்கள் உண்மையில் பறந்த மணிகள் எத்தனை, கட்டிய தொகை எவ்வளவு என்று கேளுங்கள். இறுதித் தேர்வை நடத்தும் அதிகாரம் பள்ளிக்கே இருக்கிறதா, வெளித் தேர்வாளருக்குக் காத்திருக்க வேண்டுமா என்பதையும் விடாதீர்கள்.

நான் புகார் எழுதினேன். தாளின் அடியில் பொடி எழுத்தில் ‘உத்தேசம்’ என்று இருப்பதைச் சுட்டிக்காட்டிப் பதில் வந்தது. பறப்புக் கட்டணத்துக்காகக் கல்லூரியில் கட்டிவைத்ததில் எஞ்சிய என் முன்பணம் மட்டும் இன்னும் ‘பரிசீலனையில்’ இருக்கிறது.