ரேடியோகிராபியா, ரெஸ்பிரேட்டரி தெரபியா? ஒரே படுக்கையருகே நிற்கும் இரண்டு படிப்புகள்

ஐ.சி.யூ.வில் விடிகாலை நேரம். ஒருவர் போர்ட்டபிள் எக்ஸ்ரே மெஷினைத் தள்ளிக்கொண்டு வருகிறார். நோயாளியின் முதுகுக்கடியில் டிடெக்டரை வைத்து, வென்டிலேட்டர் காற்றை உள்ளே செலுத்தி முடிக்கும் நொடிக்குக் காத்திருந்து படமெடுத்துவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்கிறார். அருகில் நிற்பவர் இரவெல்லாம் அங்கேயே இருந்தவர். எடுத்த படத்தில், வாய்வழியே போட்ட டியூபின் நுனி மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் மேலே நிற்கிறதா என்று பார்ப்பதற்காக நிற்கிறார். முதலாமவர் ரேடியோகிராபர். இரண்டாமவர் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட், அதாவது மூச்சு சிகிச்சை தருபவர்.

டாக்டர், நர்ஸ் தவிர மருத்துவத்தில் வேறென்ன படிக்கலாம் என்று தேடுகிறவர்களுக்கு இந்த இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் கண்ணில் படும். உடனே வரும் கேள்வி, ‘எது ஈஸி?’ இரண்டுமே ஈஸி இல்லை. ஒரே நோயாளியோடு எவ்வளவு நேரம் இருக்க உங்களுக்குப் பிடிக்கும் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

ரேடியோகிராபி மாணவருக்கு முதல் வருடம் உடற்கூறும் இயற்பியலும்தான். அதில் பலர் திணறுவது இயற்பியலில். கதிரின் ஊடுருவும் வலிமையைத் தீர்மானிக்கும் கே.வி.யை (கிலோவோல்ட்) 15 சதவீதம் கூட்டினால் படத்தின் கருமை ஏறக்குறைய இரட்டிப்பாகும், கதிரின் அளவைத் தீர்மானிக்கும் எம்.ஏ.எஸ்.ஸை (மில்லிஆம்பியர்-செகண்ட்) இரண்டு மடங்காக்கினாலும் அதே விளைவு, ஆனால் நோயாளிக்குப் போகும் கதிர்வீச்சு டோஸ் ஒன்றல்ல. எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பது கையோடு பழக வேண்டிய கணக்கு. நெஞ்சுப் படத்தைச் சுமார் 180 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து எடுப்பது ஏன்? கிட்டத்திலிருந்து எடுத்தால் இதயம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். படுத்த படுக்கையில் எடுக்கும் போர்ட்டபிள் படத்தில் இந்தக் குழப்பம் எப்போதும் உண்டு. பொசிஷனிங் என்பது இன்னொரு பெரிய பாடம். உடைந்த தோளோடு வலியில் துடிப்பவரை எந்தக் கோணத்தில் திருப்பினால் படமும் கிடைக்கும், வலியும் கூடாது என்பதைப் புத்தகம் சொல்லித் தராது. அதனால்தான் இந்தப் படிப்பில் மருத்துவமனைப் பயிற்சி நேரம் இவ்வளவு அதிகம்.

ரெஸ்பிரேட்டரி தெரபியின் கனம் உடலியங்கியலில். தமனி ரத்தத்தின் வாயுக்களை அளக்கும் ஏ.பி.ஜி. ரிப்போர்ட்டைப் பார்த்தவுடன் மனசுக்குள் கணக்கு ஓட வேண்டும்: ரத்தத்தின் அமில-கார அளவான பி.ஹெச். 7.35க்கும் 7.45க்கும் நடுவில் இருக்கிறதா, கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 35 முதல் 45 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கிறதா, கோளாறு மூச்சிலா, உடலின் வளர்சிதை மாற்றத்திலா. எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று. நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 6 மில்லிலிட்டர் காற்று என்று கணக்கிடுவார்கள். அந்தக் கிலோவைத் தராசில் பார்க்கக் கூடாது. உயரத்தையும் பாலினத்தையும் வைத்துக் கணிக்க வேண்டும். ஒருவர் எடை போட்டதற்காக அவர் நுரையீரல் பெரிதாவதில்லையே! இந்த விளக்கத்தைக் கேட்டு உங்களுக்கு ஆர்வம் பிறந்தால், பாதி பதில் கிடைத்துவிட்டது.

வேலையின் சங்கடங்களில் மாணவர்கள் எதிர்பார்ப்பதும் நடப்பதும் வேறு. ரேடியோகிராபி என்றதும் கதிர்வீச்சு பயம். சர்வதேசப் பரிந்துரைப்படி இத்துறையில் வேலை செய்பவருக்கான வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு டோஸின் அலகு). கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ், ஈய ஏப்ரன், தூரம் இவற்றை ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர் பொதுவாக அந்த வரம்பின் பக்கமே போவதில்லை. உண்மையில் உடலை வாட்டுவது முதுகுவலி; ஆட்களைத் தூக்கியும் திருப்பியும் வருவது. ரெஸ்பிரேட்டரி தெரபியில் சளி, சக்‌ஷன், தொற்று, நைட் டியூட்டி. இவற்றைவிடக் கனமானது, இனிப் பயனில்லை என்று முடிவான பிறகு வென்டிலேட்டரை எடுக்கும்போது பக்கத்தில் நிற்பது. கல்லூரிச் சேர்க்கையின்போது இதை யாரும் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். ரான்ட்கன் 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்ததிலிருந்து படமெடுக்கும் வேலை உலகெங்கும் பரவி, எங்கு போனாலும் அடையாளம் தெரிகிற தொழிலாகிவிட்டது. மூச்சு சிகிச்சையின் கதை வேறு. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மருத்துவ மாணவர்கள் மாறி மாறிக் கையாலேயே காற்றுப் பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சு கொடுத்தார்கள்; 80 சதவீதத்துக்கும் மேலிருந்த இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. நவீன ஐ.சி.யூ.வின் தொடக்கம் ஐரோப்பாவில் என்றாலும், மூச்சு சிகிச்சைக்கெனத் தனிப் பட்டமும் உரிமத் தேர்வும் வேரூன்றியது அமெரிக்காவிலும் கனடாவிலும்தான். பிரிட்டனில் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் என்ற தனித்தொழிலே இல்லை. பிசியோதெரபிஸ்டும் நர்ஸும் மற்றவர்களும் அந்த வேலையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். போக நினைக்கும் நாட்டில் அந்தப் பதவி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

கிளைகளிலும் ரேடியோகிராபிக்குத்தான் கை ஓங்குகிறது. சி.டி., எம்.ஆர்.ஐ., மேமோகிராபி (மார்பகப் படம்), கேத் லேப் (இதய ரத்தக்குழாய்ப் பரிசோதனைக் கூடம்) என்று அலுத்துப்போனால் மாறிக்கொள்ள இடமுண்டு, எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ் கதிர் கிடையாது. ரெஸ்பிரேட்டரி தெரபியிலும் பச்சிளங்குழந்தைப் பிரிவு, நுரையீரல் செயல்திறன் சோதனை, ஸ்லீப் லேப் உண்டு. ஆனால் கதவுகள் குறைவு.

முடிவெடுக்காமல் ஊசலாடுபவருக்கு ரேடியோகிராபியைச் சொல்வேன். காரணத்தைத் தோண்டாமல் தூக்கம் வராதவருக்கு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு புது முகம் என்பது வெறுமையாகத் தோன்றலாம். அவர் வென்டிலேட்டர் பக்கம் போகட்டும். எதுவானாலும் கட்டணம் கட்டும் முன் கல்லூரியில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: மாணவர்கள் எந்த மருத்துவமனையில், எத்தனை மணி நேரம் பயிற்சி எடுக்கிறார்கள்? மெஷினை அவர்களே இயக்குகிறார்களா, சுவரோரம் நின்று பார்க்கிறார்களா? பதிலைக் கடைசி வருட மாணவர் ஒருவரிடமும் கேட்டுச் சரிபாருங்கள்.