டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கம்: கட்டுகிற காசுக்குத் தகுமா?

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாலு பேர் முன்னால் எழுந்து பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் மேடையில் பேசப் பழகும் சங்கமான டோஸ்ட்மாஸ்டர்ஸில் சேர்ந்தேன். தகுமா என்று கேட்டால், என் அனுபவத்தில் தாராளமாகத் தகும். ஆனால் நல்ல சங்கமாகப் பார்த்துச் சேர வேண்டும்.

1924-இல் கலிபோர்னியாவின் சான்டா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் ஆரம்பித்தது இது. இங்கே வாத்தியார் கிடையாது. ஒருவர் பேசுவார், இன்னொரு உறுப்பினர் எழுந்து அந்தப் பேச்சை மதிப்பிடுவார். முதல் பேச்சு நம்மைப் பற்றியே, 4 முதல் 6 நிமிடம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கோ அட்டையோ காட்டி, நேரம் முடிய வருவதைச் சொல்வார்கள். 'ஆ', 'ம்' என்று இழுப்பதை எண்ணவே தனியாக ஒருவர் உண்டு. எங்கள் சங்கத்தில் தமிழிலும் பேசலாம் என்பதால் 'வந்து', 'அதாவது' எல்லாமே அந்தக் கணக்கில் ஏறும்.

என் முதல் பேச்சில் கை இரண்டும் துப்பட்டாவைப் பிடித்தபடியே இருந்தன. மதிப்பிட வந்தவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். திக்கியதையோ பார்வை தரையில் இருந்ததையோ முதலில் எடுக்கவில்லை. "அம்மா மாவு மில்லில் நின்ற கதையைச் சொன்னீங்களே மேடம், அங்கே மட்டும் உங்க வலது கை தானா மேலே வந்துச்சு. குரலும் நிமிர்ந்துச்சு. அந்த இடத்தில் பேசினது யாரோ, அவங்களையே அடுத்த தடவை முழுசா பேச விடுங்க," என்றார். அதற்குப் பிறகுதான் ஒரே ஒரு குறை: வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குகிறேன் என்று.

இந்தச் சேவையின் உயிரே இதுதான் என்பேன். 'உன்னால் முடியும்' என்று யாரும் தோளில் தட்டவில்லை. என்னிடம் ஏற்கெனவே இருந்த ஒன்றை, இருந்த இடத்தோடு காட்டினார்கள். நாமும் மற்றவர்களை மதிப்பிட வேண்டும் என்பதால், நல்லதைத் தேடிப் பிடிக்கிற கண் தானாக வந்துவிடுகிறது. ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் வவுச்சர்களைச் சரிபார்க்கும்போது, இப்போதெல்லாம் அவள் சரியாகப் போட்ட பதிவைத்தான் முதலில் சொல்கிறேன். அப்புறம்தான் தப்பு. அவளும் சந்தேகம் வந்தால் ஒளிக்காமல் கேட்கிறாள்.

எல்லாச் சங்கமும் ஒரே மாதிரி இருக்காது. 'அருமை, பிரமாதம்' என்று மட்டும் மதிப்பீடு முடிந்தால் அங்கே கற்க ஒன்றும் இல்லை. விருந்தினராகப் போய்ப் பார்க்கக் காசு கிடையாது. அப்போது பேச்சைவிட மதிப்பீட்டைக் கவனியுங்கள். சொன்ன பாராட்டு இன்னொருவருக்கும் அப்படியே பொருந்துமானால் வேறு சங்கம் பாருங்கள். வேலை பார்க்கிற இடத்திலேயே நடக்கும் சங்கங்களும் உண்டு, ஆனால் மேலதிகாரி எதிரில் உட்கார்ந்திருந்தால் மனம் திறக்காது. வெளிச் சங்கமே என் சிபாரிசு.

சந்தா டாலரில் கணக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும். மாணவர்களுக்கு இது கொஞ்சம் கனம்தான். சலுகை இருந்தால் நன்றாக இருக்கும். பாடங்கள் இணையத்தில் இருக்கின்றன, அந்தத் தளம் பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும். பழைய உறுப்பினர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரொம்பவே தயக்கம் உள்ளவர்கள் சேர்ந்ததும் நேரம் பார்க்கும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். எழுந்து நின்று படிக்க வேண்டியது பெரும்பாலும் பெயரும் நிமிடமும்தான்.