வீட்டுப் படங்களை யார் பொறுப்பில் வைப்பது? கூகுளா, ஆப்பிளா, என்டேயா, சொந்த சர்வரா?

செட்டிநாட்டு வீடுகளில் காகிதத்துக்குப் பஞ்சமே கிடையாது. ரங்கூனிலும் பினாங்கிலும் ஸ்டூடியோவில் நின்று எடுத்த படங்கள், கொண்டுவிக்க (தொழில் செய்ய) போன ஊர்களின் கணக்குப் பேரேடுகள், கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானம், மொய்ப் பட்டியல், சாந்திக் கல்யாண ஆல்பம் என்று பெட்டகம் பெட்டகமாகக் கிடக்கும். வீட்டில் பங்குள்ளவர்களோ காரைக்குடியில் ஒருவர், சென்னையில் நாலு பேர், மீதிப்பேர் சிங்கப்பூர், கோலாலம்பூர், டல்லாஸ் என்று பிரிந்து இருக்கிறார்கள். கிடைத்த படத்தை போனில் எடுத்து பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் போடுவதுதான் இப்போதைய வழக்கம். அது பகிர்வுதான், சேமிப்பு ஆகாது. வாட்ஸ்அப் வழக்கமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். போன் மாற்றும்போது பாதி போய்விடும். மூன்று வருடம் கழித்து ஐயாவின் மலேயாப் படத்தைத் தேடினால், குட்மார்னிங் படங்களுக்கு நடுவே அது அகப்படவே அகப்படாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்துப் பதினைந்து புள்ளி (கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி) சேர்ந்த குடும்பத்தில் பொறுப்பெடுக்க இரண்டு பேர் இருந்தால் சொந்த சர்வரும் (படங்களை வைத்து எப்போதும் ஓடும் நம் சொந்தக் கணினி) ஓப்பன் சோர்ஸ் மென்பொருளும்தான் (நிரலை யாரும் எடுத்துப் பார்க்கவும் மாற்றவும் முடிகிற மென்பொருள்) சரி. அந்த இரண்டு பேர் இல்லையென்றால் சர்வர் பேச்சையே எடுக்கக் கூடாது. விலை, வசதி எல்லாம் இதற்குப் பிறகு வருகிற கேள்விகள்.

கூகுள் போட்டோஸ்

வசதியில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆச்சியின் ஆண்ட்ராய்டு போனில் ஒருமுறை ஆன் செய்துவிட்டால் போதும், படங்கள் தானாக மேலே போய்விடும். முக அடையாளமும் அபாரம்: பள்ளிக்கூடப் பையனாக இருந்தவரையும் அறுபதாம் கல்யாணத்தில் மாலையோடு உட்கார்ந்திருப்பவரையும் பெரும்பாலும் ஒரே ஆளாகச் சேர்த்துவிடும். பழைய அச்சுத் தாள்களை டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்துகளை நன்றாகவே படித்துக் கொடுக்கிறது. தமிழ் விக்கிமூலத்தில் பழைய நூல்களை எழுத்தாக்கக் கூகுளின் ஓசிஆரைத்தான் (படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் கருவி) பயன்படுத்தினார்கள். ஓப்பன் சோர்ஸ் பக்கம் நிற்கிற நான் இதை மறைக்கப் போவதில்லை.

2021 ஜூன் 1-க்கு முன்பு வரை கொஞ்சம் தரம் குறைத்து ஏற்றினால் எத்தனை படமானாலும் இலவசம். அன்றிலிருந்து ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். அதற்கு மேல் வேண்டுமானால் மாதாமாதம் காசு கட்ட வேண்டும். ஒரு குடும்பத்துக்கு இது பெரிய காசில்லை. எனக்குக் காசு உறுத்தவில்லை. உறுத்துவது, கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருப்பது.

இரண்டு வருடம் திறக்காமல் கிடக்கும் கணக்கை நீக்கலாம் என்று கூகுள் விதி கொண்டுவந்து, 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது. வீட்டில் மூத்தவர் காலமாகிவிடுகிறார். போன் பீரோவில் கிடக்கிறது. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. வருடாந்திரம் முடிந்து, அடுத்த வருடமும் போய், யாரோ ஒரு பேரன் படங்களைக் கேட்கும்போது கணக்கே இல்லாமல் போயிருக்கலாம். இதற்குக் கூகுளிலேயே வழி இருக்கிறது. கணக்கு செயலற்றுப்போனால் யாரிடம் ஒப்படைப்பது என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ஆனால் அந்த அமைப்பைத் தேடிப்போய் நிரப்பியவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்?

இன்னொன்றும் உண்டு. உடம்பு சரியில்லாத குழந்தையை டாக்டருக்குக் காட்ட ஒரு தகப்பன் எடுத்த படத்தைக் கூகுளின் இயந்திரம் தவறாகப் புரிந்துகொண்டு அவர் கணக்கை மூடியதையும், போலீஸ் அவர்மேல் குற்றமில்லை என்று சொன்ன பிறகும் கணக்கு திரும்பக் கிடைக்காததையும் 2022-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. லட்சத்தில் ஒருவருக்கு நடப்பதுதான். ஆனால் அந்த ஒருவரின் கணக்கில் மூன்று தலைமுறைப் படம் இருந்தால்?

வெளியே வருவது எப்படி என்றும் பார்த்துவிட வேண்டும். டேக்அவுட் என்ற வசதியில் எல்லாவற்றையும் இறக்கலாம். அது துண்டு துண்டான ஜிப் கோப்புகளாக வரும். அங்கே படத்துக்கு நீங்கள் கையால் போட்ட தேதி படத்துக்குள் இருக்காது, பக்கத்தில் தனியாக ஒரு ஜேசன் (தகவல் மட்டும் உள்ள) கோப்பில் இருக்கும். அதைக் கவனிக்காமல் படத்தை மட்டும் எடுத்துப் போட்டால், 1962 என்று மெனக்கெட்டுத் திருத்திவைத்த தேவகோட்டைக் கல்யாணம் ஸ்கேன் செய்த வருடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். பின்னால் நான் சொல்லப்போகும் இம்மிச் மென்பொருளுக்குள் படங்களை ஏற்றும் ‘இம்மிச்-கோ’ என்ற இலவசக் கருவி இரண்டையும் சேர்த்துப் படிக்கிறது. அந்த வேலையைச் செய்ய ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஆப்பிள் ஐகிளவுட்

சுருக்கமாக முடித்துவிடலாம். எல்லோர் கையிலும் ஐபோன் இருக்கிற வீட்டுக்கு நல்லது. 5 ஜிபிதான் இலவசம். 2022 கடைசியில் வந்த கூடுதல் பாதுகாப்பை ஆன் செய்தால் ஆப்பிள் நிறுவனமே உங்கள் படத்தைத் திறக்க முடியாது. இறந்த பிறகு யாருக்குப் போக வேண்டும் என்று வாரிசு குறிக்கும் வசதியும் உண்டு. ஆனால் பிரிட்டிஷ் அரசு அழுத்தம் கொடுத்ததும் 2025 பிப்ரவரியில் அந்தப் பாதுகாப்பை அந்த நாட்டில் ஆப்பிள் விலக்கிக்கொண்டது. லண்டனில் பங்காளி இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அப்புறம், ஊரில் இருக்கும் பெரியவர்கள் கையில் ஆண்ட்ராய்டு போன்தான் இருக்கிறது. பாதிப்பேரை வாசலில் நிறுத்துகிற ஏற்பாடு நமக்கு ஆகாது.

கூகுளும் ஆப்பிளும் குடும்பம் என்றால் ஆறு பேர் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு வளவில் (பங்காளிகளின் பொது வீட்டில்) பங்குள்ளவர்கள் அதற்குள் அடங்குவார்களா?

என்டே

பெங்களூரில் தொடங்கிய இந்தச் சேவையைப் பலருக்குத் தெரியவில்லை, தெரிந்திருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு படங்களை அவர்களே வைத்துக்கொள்கிறார்கள், ஆனால் படம் போனிலேயே பூட்டப்பட்டுத்தான் மேலே போகிறது. முக அடையாளமும் நம் போனுக்குள்ளேயே நடக்கிறது. ஒவ்வொரு படத்தையும் மூன்று இடத்தில் வைக்கிறார்கள். செயலியின் நிரல் முன்பே வெளிப்படையாக இருந்தது. 2024-ல் சர்வர் நிரலையும் திறந்துவிட்டார்கள். நாளைக்கு நிறுவனம் கடையைக் கட்டினாலும் அந்த நிரலை எடுத்து நாமே ஓட்டலாம். கம்பெனிச் சேவையின் சௌகரியமும் ஓப்பன் சோர்ஸின் உறுதியும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம்.

ஒரே பயம், பாஸ்வேர்டையும் மீட்புச் சொற்களையும் சேர்த்துத் தொலைத்துவிட்டால் அவர்களாலும் திறந்து தர முடியாது. ஆகவே அந்த 24 சொற்களையும் தாளில் எழுதி, பத்திரம் இருக்கிற இடத்தில் வைத்தே ஆக வேண்டும்.

சொந்த சர்வர்: இம்மிச்

2022-ல் தொடங்கிய இம்மிச், நம் கணினியில் நாமே ஓட்டும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். பார்ப்பதற்குக் கூகுள் போட்டோஸ் போலவே இருக்கும். போனிலிருந்து தானாக ஏற்றும், முகம் பார்த்துப் பிரிக்கும், யார் யாருக்கு எந்த ஆல்பம் என்று பங்கு பிரித்துக் கொடுக்கும். எத்தனை பேர் வேண்டுமானாலும் கணக்கு வைத்துக்கொள்ளலாம். ‘பச்சைப் புடவை, முகப்பு’ என்று எழுத்தால் தேடுவதற்கு அதோடு முதலில் வருகிற ஏஐ மாடல் ஆங்கிலத்தில் பயின்றது. தமிழில் தேட, அமைப்பில் போய்ப் பன்மொழி மாடல் ஒன்றை மாற்றிப் போட வேண்டும். சில வருடங்கள் அப்டேட் போட்டாலே எதையாவது உடைத்துக்கொண்டு இருந்த மென்பொருள் இது. 2025 அக்டோபரில் 2.0 வந்த பிறகுதான் நிலையான வெளியீடு என்று அதைச் செய்தவர்களே அறிவித்தார்கள். அதனால் அதுவரை ‘பொறுங்கள்’ என்று சொல்லியவர்கள் சொன்னது நியாயமே.

கணினிக்குப் புதிதாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்க மறுக்கிற, ஆனால் வேலைசெய்கிற கணினிகள் கடைகளிலும் அலுவலகங்களிலும் சும்மா கிடக்கின்றன. 8 ஜிபி ரேம் இருந்தால் டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு இம்மிச்சை ஓட்டலாம். கரண்ட் கணக்கைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப் 50 வாட் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாத பில்லில் 72 யூனிட். வீட்டுக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் பெரும்பகுதியை இதுவே தின்றுவிடும். 10 வாட்டில் ஓடும் சிறிய மினி பிசி என்றால் 15 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். எனக்கு மினி பிசிதான் பிடிக்கும். சத்தமும் சூடும் குறைவு.

செட்டிநாட்டு வீட்டில் சர்வர் வைப்பதற்கென்றே சில விஷயங்கள் உண்டு. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய அந்தத் தடிமன் சுவரை வைஃபை தாண்டாது. முகப்பில் ரவுட்டர் இருந்தால் இரண்டாம் கட்டிலேயே சிக்னல் செத்துவிடும். ஆகவே ரவுட்டரும் சர்வரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் லேன் கேபிள் இழுங்கள். காற்று வராத பெட்டக அறையில் பூட்டி வைக்க வேண்டாம். யுபிஎஸ் கட்டாயம் வேண்டும், யுஎஸ்பி ஹார்ட் டிஸ்கை நம்பிப் பிரதானமாக வைக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து பார்ப்பதற்குப் பொது ஐபி முகவரி (வெளியிலிருந்து நேரே எட்டக்கூடிய இணைய முகவரி) வேண்டும். நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் அது கிடைக்காது. நம் கருவிகளை மட்டும் தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றைச் சர்வரிலும் எல்லோர் போனிலும் போட்டுவிட்டால் அந்தத் தொல்லை தீரும். வெளியுலகத்துக்குச் சர்வர் கண்ணிலேயே படாது என்பது கூடுதல் லாபம். (சர்வர் வந்துவிட்டதே என்று மின்னஞ்சலையும் அதிலேயே ஓட்டக் கிளம்ப வேண்டாம். அனுப்புவதில் பலவும் ஸ்பாமில் போய் விழும்.)

பேக்கப்தான் உயிர்நாடி. இம்மிச்சில் படங்கள் ஒரு பக்கம், ஆல்பம், முகம், பெயர் எல்லாம் டேட்டாபேஸில் இன்னொரு பக்கம். படத்தை மட்டும் நகல் எடுத்தால் ‘இது யார்’ என்ற தகவல் அத்தனையும் போய்விடும். தினமும் இரவில் டேட்டாபேஸை அதுவே ஒரு கோப்பாக எடுத்து வைக்கும். அந்த ஃபோல்டரையும் சேர்த்து நகலெடுக்க வேண்டும். ஒரு நகல் ஊரில், ஒரு நகல் சிங்கப்பூரில் உள்ள பங்காளி வீட்டில். அந்த இரண்டாவது இல்லாத சர்வரை நான் சர்வர் என்றே சொல்ல மாட்டேன்.

பேரேடுகளுக்கும் பத்திரங்களுக்கும், ஸ்கேன் செய்த தாள்களை அடுக்கித் தேடித்தரும் பேப்பர்லெஸ் என்ஜிஎக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் நல்ல துணை. அது எழுத்தைப் படிக்கப் பயன்படுத்தும் டெசராக்ட் அச்சுத் தமிழை ஓரளவு படிக்கும். கணக்குப்பிள்ளை தமிழ் எண்ணில் கையால் எழுதியதை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. தெரிந்த பெரியவரை உட்காரவைத்து நாமே குறிப்பு எழுத வேண்டியதுதான். சொல்லப்போனால் டெசராக்ட் ஹெச்பி நிறுவனத்தில் பிறந்து, 2005-ல் ஓப்பன் சோர்ஸாகி, அடுத்த வருடத்திலிருந்து கூகுளின் ஆதரவில் வளர்ந்தது. கம்பெனிகள் கெட்டவை, ஓப்பன் சோர்ஸ் நல்லது என்று கோடு போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மென்பொருள்காரர்கள் மனம் மாறினால்?

கம்பெனி, ஓப்பன் சோர்ஸ் என இரு பக்கமும் மாறுவார்கள். சர்வர்களில் ஓடும் இலவச லினக்ஸான சென்ட்ஓஎஸ் 8-க்குப் பல வருடம் ஆதரவு என்று நம்பியவர்களுக்கு, 2021 முடிவோடு அது நிற்கும் என்று 2020 டிசம்பரில் ரெட்ஹேட் அறிவித்தது. 2024-ல் ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் உரிமத்தை இறுக்கியது. ஆனால் முதலாவதற்கு ராக்கி, ஆல்மா என்று மாற்று வந்தது. இரண்டாவதற்கு வால்கீ சில நாட்களிலேயே பிரிந்து வந்தது. சொந்த சர்வரில் கோப்புகளை வைக்கப் பலர் பயன்படுத்தும் நெக்ஸ்ட்கிளவுடே 2016-ல் ஓன்கிளவுடிலிருந்து பிரிந்ததுதான். நிரல் திறந்திருந்தால் பிரிந்துபோய்த் தனிக்குடித்தனம் வைக்க வழி இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் சேமிப்புப் பெட்டிக்கு அது இல்லை. அப்படிப்பட்ட பெட்டிகளைச் செய்யும் சினாலஜி நிறுவனம் 2025-ல் தன் புதிய பிளஸ் மாடல்களில் தான் சான்றளித்த ஹார்ட் டிஸ்குகள்தான் முழுமையாக இயங்கும் என்றது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அக்டோபரில் தளர்த்தியது. தளர்த்தியதும் அவர்கள் விருப்பம்தான், வாங்கியவர்களிடம் புகார் செய்வதைத் தவிர வேறு ஆயுதம் இல்லை.

கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் அழைப்பிதழ்களும் 1992-ல் அவர் மறைந்த பிறகு சிதறிப்போகவில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிக்கொண்டது, 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் அமைந்தது, மைக்ரோஃபிலிம் நகல் எடுத்தார்கள். சேர்த்தவருக்குப் பிறகு பொறுப்பெடுக்க ஓர் அமைப்பு வந்தது, நகல் வந்தது. சேர்த்தவர் ஒருவராக இருந்தாலும் காப்பாற்றியவர்கள் பலர். சொந்த சர்வர் விஷயத்தில் எனக்கிருக்கும் கவலையும் இதுதான். ஆர்வமுள்ள ஒரு தம்பி உற்சாகமாக வைத்துக் கொடுப்பார், இரண்டு வருடத்தில் வேலை கிடைத்து பெங்களூர் போய்விடுவார். பங்காளிகள் பூட்டிவிட்டுப் போன வளவு வீடு ஓடு நழுவி உள்ளே மழை இறங்குவது போலத்தான், கவனிக்க ஆளில்லாத சர்வரும் கெடும். அப்டேட் நின்றுபோகும், டிஸ்க் போகும், பேக்கப் ஓடாதது யாருக்கும் தெரியாது.

அதனால் என் பரிந்துரை இப்படி. கணவன், மனைவி, பிள்ளைகள் மட்டும் என்றால் கூகுளே போதும். வாரிசு அமைப்பை இன்றைக்கே நிரப்பிவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேக்அவுட்டை ஒரு ஹார்ட் டிஸ்கில் இறக்கி வையுங்கள். பங்காளிகள் பலர், ஆனால் தொழில்நுட்பம் தெரிந்த ஆள் இல்லை என்றால் என்டே. தெரிந்தவர்கள் இரண்டு பேர், அதுவும் வேறு வேறு ஊரில் இருந்தால் இம்மிச். ஒருவர் மட்டும் என்றால், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், என்டேதான்.

செலவைப் புள்ளிக்கு இவ்வளவு என்று கோயில் வரி போலப் பிரித்துக்கொள்ளலாம், யாருக்கும் சுமை தெரியாது. படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) எல்லோரும் ஊருக்கு வரும்போது பொறுப்பாளர் இரண்டு பேரை முடிவுசெய்து, பாஸ்வேர்டு தாளை இரண்டு கவரில் போட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுங்கள். அன்றைக்கே பேக்கப்பிலிருந்து ஒரு ஆல்பத்தைத் திரும்ப எடுத்து எல்லோர் முன்னாலும் திறந்து பார்த்துவிடுங்கள்.